ஒரு ஃபோன் வந்தால் போதும்

சௌந்திரம் கடைசியாகச் சோறு சாப்பிட்டு அறுபத்தெட்டு மணி நேரம் ஆகியிருந்தது. டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதி இரவு எட்டு மணிக்கு, வருடக் கடைசி ஆராதனைக்குக் கிளம்பும் முன், ரசம் ஊற்றி ஒரு வட்டில் சோறு. அதற்குப் பிறகு தண்ணீர் மட்டும். இன்று மூன்றாம் தேதி, சனிக்கிழமை, மாலை நான்கு மணி. மணிக்கணக்கை மருமகள் தனப்பிரியாதான் வைத்திருந்தாள். சௌந்திரம் எதையும் எண்ணவில்லை. முட்டையை மட்டும் எண்ணினாள்.

புதுச்சத்திரத்துக்கு மேற்கே, ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கும் கோழிப்பண்ணையில் இருவருக்கும் நாலாம் நம்பர் செட்டில், நீளமான கொட்டகையில், முட்டை எடுக்கும் வேலை. இரண்டு பக்கமும் மூன்று அடுக்குக் கம்பிக்கூண்டு. கோழி இட்ட முட்டை சரிவில் உருண்டு முன்பக்கக் கம்பியில் வந்து நிற்கும். நடந்துகொண்டே ஒரு கையில் நாலு முட்டையை அள்ளி ட்ரேயில் அடுக்க வேண்டும். ஒரு ட்ரேக்கு முப்பது. சௌந்திரத்தின் இடது மணிக்கட்டு கோணலாகக் கூடியிருந்தது. முழுசாகத் திரும்பாது. அதனால் ட்ரேயை இடது முழங்கையில் தாங்கிக்கொண்டு வலது கையால் மட்டும் எடுப்பாள். இரண்டு வருடத்துக்கு முன்னால் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் வழுக்கி விழுந்தது என்று யார் கேட்டாலும் சொல்வாள்.

கொல்லிமலைப் பக்கமிருந்து காற்று வந்தது. மார்கழிக் காற்று. செட்டுக்குள் நுழைந்ததும் அது கோழி எருவின் காரத்தை எடுத்துக்கொண்டு கண்ணைக் கரிக்க வைத்தது.

சூப்பர்வைசர் கைலாசம் நடுப்பாதையில் வந்து நின்றான். நாற்பது வயது. கழுத்தில் துண்டு, கையில் தீவனக் கணக்கு நோட்டு.

"சௌந்திரக்கா, செத்த நேரம் ஒக்காருங்க. நீங்க வுழுந்தாக்கூடப் பரவாயில்லீங்க. ட்ரேயோட வுழுந்தீங்கன்னா மொதலாளிகிட்ட நாந்தான் பதில் சொல்லோணும்."

"வுழ மாட்டேன் கைலாசம். பலம் குடுக்கறவரு குடுக்கறாரு."

"அதை ரெண்டு இட்லியாக் குடுத்தா ஆகாதுங்களா அவருக்கு?"

தனப்பிரியாவுக்குச் சிரிப்பு வந்தது. மாமியார் திரும்பிப் பார்ப்பதற்குள் அடக்கிக்கொண்டாள்.

"சோறு தின்னா உங்க சாமி கோவிச்சுக்குமா, இல்லை தெரியாமத்தான் கேக்கறேன்."

"அவரு எதுக்குக் கோவிச்சுக்கறாரு. நாந்தான் பொருத்தனை பண்ணியிருக்கறேன். கதிரு கொரலு காதுல வுழுவற வரைக்கும் தண்ணி மட்டுந்தான். நேர்ல வரோணும்னுகூட நான் கேக்கலை பாரு. ஒரு ஃபோன் வந்தாப் போதும்."

"எங்கூர்ல மொட்டை போடறம்னு வேண்டுவாங்க. மசுரு திரும்ப மொளைச்சுரும். நீங்க உசுரையே வெக்கறீங்களே."

"போப்பா. போயி உன்ற நோட்டப் பாரு."

கதிர் அவளுடைய ஒரே மகன். திருச்செங்கோட்டு போர்வெல் கம்பெனி ஒன்றின் ரிக் லாரியில் டிரில்லர். செப்டம்பர் எட்டாம் தேதி வடக்கே போனான். நூற்றுப் பதினேழு நாள். முன்பெல்லாம் போனால் ஞாயிற்றுக்கிழமை தோறும் பேசுவான். இந்த முறை இரண்டு ஞாயிறு பேசியதோடு சரி. அக்டோபரில் தனப்பிரியா கம்பெனி ஆபீசுக்குப் போய் விசாரித்தாள். வண்டியில் குடித்துவிட்டுத் தகராறு செய்தான், ராய்ப்பூர் பக்கத்தில் சம்பளத்தை வாங்கிக்கொண்டு இறங்கிவிட்டான், அதற்கு மேல் எங்களுக்குத் தெரியாது என்றார்கள். வீட்டில் இருப்பது ஒரே ஃபோன், தனப்பிரியாவுடையது. கதிர் கூப்பிட்டால் அதில்தான் கூப்பிட வேண்டும். இந்த மூன்று நாளாக அது எப்போது அடித்தாலும் சௌந்திரம் கையிலிருப்பதை அப்படியே வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

மகனுக்காகச் சபையில் எடுத்த அட்டை சௌந்திரத்தின் ரவிக்கைக்குள் சுருக்குப்பையில் இருந்தது. வருடம் பிறக்கும்போது சபையில் ஆளுக்கு ஒரு வாக்குத்தத்த அட்டை எடுப்பார்கள். பாஸ்டர் பிஸ்கட் டப்பாவைப் பிடித்துக்கொண்டு நிற்பார். கண்ணை மூடிக் கையை விட வேண்டும். கைக்கு வந்த வசனம் அந்த வருடம் முழுவதுக்கும் அவருக்குக் கர்த்தர் சொன்ன வார்த்தை. வர முடியாதவர்களுக்கு வீட்டில் ஒருவர் எடுக்கலாம். தனப்பிரியாவுக்குப் பயப்படாதே என்று வந்தது. பாதிப் பேருக்கு அதுதான் வந்திருந்தது. சௌந்திரம் தனக்கு எடுத்த பிறகு மகனுக்காக இன்னொரு முறை கையை விட்டாள். தூரதேசம் போன பிள்ளைகள் தங்கள் எல்லைக்குத் திரும்புவார்கள் என்று வந்தது. பாஸ்டர் அதை மைக்கில் படித்தார். எழுபத்து மூன்று பேரும் கை தட்டினார்கள். அங்கேயே, அந்த மைக்கிலேயே, சௌந்திரம் பொருத்தனை பண்ணிவிட்டாள்.

நாலரை மணி இருக்கும். சௌந்திரத்துக்கு வியர்த்தது. அந்தக் காற்றில் வியர்க்க வேண்டிய காரணம் இல்லை. முழங்கையில் இருந்த ட்ரே ஒரு பக்கம் சாய்ந்தது. முதலில் நாலு முட்டை விழுந்தது, பிறகு எல்லாம் விழுந்தது. அவள் கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே கீழே உட்கார்ந்தாள். அந்த வரிசைக் கோழிகள் எல்லாம் ஒரே நேரத்தில் கத்தின.

கைலாசம் ஓடி வந்தான். கையைத் தொட்டுப் பார்த்தான். சில்லென்று நடுங்கிக்கொண்டிருந்தது.

"சக்கரை மாத்திரை போட்டீங்களா?"

"ம்."

"இன்னைக்கா?"

"தெனமுந்தான். காலைல ஒண்ணு, பொழுதோட ஒண்ணு. ஆஸ்பத்திரியில ஒரு நாளும் நிறுத்தக் கூடாதுன்னு சொல்லியிருக்கறாங்களே."

"சோறு திங்காம மாத்திரையை மட்டும் போடறீங்களா?"

"மாத்திரை சோறா கைலாசம்? தண்ணியில முழுங்கறது. அதுல உபவாசம் முறியாது."

கைலாசம் தனப்பிரியாவைப் பார்த்தான். "இது உனக்குத் தெரியுமா அம்மிணி?"

தனப்பிரியாவுக்குத் தெரியாது. மாமியார் மாத்திரையையும் சேர்த்து நிறுத்திவிட்டாள் என்றுதான் நினைத்திருந்தாள். நிறுத்தினால் ஆபத்து என்றுதான் பயந்துகொண்டிருந்தாள்.

"ஏறுன சக்கரையை எறக்கறதுக்குத்தான் மாத்திரை. சோத்தைத் திங்காம அதைப் போட்டா இருக்கறதும் எறங்கிப் போயிருமுங்க. என்ற மச்சான் அப்படித்தான் போனான். கல்யாணத்துக்குப் போனவன் பந்தி லேட்டாயிருச்சுன்னு சேர்ல ஒக்காந்திருந்தான். தூங்கறான்னு நெனைச்சோம்."

அவன் ஸ்டோர் ரூமுக்குப் போனான். வெயில் காலத்தில் கோழிக்குத் தண்ணீரில் கலக்கும் குளுக்கோஸ் பொட்டலம் அங்கே கிடக்கும். ஒரு சொம்பில் கலக்கிக்கொண்டு வந்து, "தண்ணிங்க" என்று நீட்டினான். சௌந்திரம் இரண்டு வாய் விழுங்கினாள். மூன்றாவது வாயைத் துப்பினாள்.

"இனிக்குது."

"தொட்டியில பாசம் புடிச்சிருக்குமுங்க."

"கைலாசம், நீ நல்ல மனுசன். ஆனா என்னைய ஏமாத்தாத."

அந்த இரண்டு வாய்க்கே கால்மணி நேரத்தில் நடுக்கம் குறைந்தது. உடைந்த முட்டையின் மீது ஈ மொய்க்கத் தொடங்கியிருந்தது. சௌந்திரம் எழுந்து துடைப்பத்தைத் தேடினாள். தனப்பிரியா அதைப் பிடுங்கிக் கூட்டினாள். கைலாசம் அவள் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னான்.

"உங்க பாஸ்டரைப் போயிப் பாரு. ஆரம்பிச்சு வெச்ச ஆளுக்குத்தான் நிறுத்தவும் தெரியும்."

பாஸ்டருக்குப் பெயர் நவநீதகிருஷ்ணன். ஞானஸ்நானம் எடுத்தபோது மாற்றிக்கொள்ளவில்லை. மாற்றினால் லைசென்சிலிருந்து ரேஷன் கார்டு வரைக்கும் மாற்ற வேண்டும், கர்த்தருக்கு என்னை இந்தப் பெயரிலேயே தெரியும் என்பார். இருபது வருடம் நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறைகளில் எழுத்து எழுதியவர். சபை காணிக்கையில் குடும்பம் ஓடாது என்பதால் இப்போதும் வாரநாட்களில் எழுதுகிறார். வாக்குத்தத்த அட்டைகளையும் அவரே எழுதுவார். ஒவ்வொரு எழுத்துக்கும் சிவப்பில் உடம்பு, மஞ்சளில் ஓரம், கீழே கறுப்பில் நிழல். லாரியின் பின்பக்கத்தில் ஹாரன் அடிக்கச் சொல்லும் அதே எழுத்து.

சபை என்பது சர்வீஸ் ரோட்டை ஒட்டிய ஒரு தகரக் கொட்டகை. அதற்குப் பின்னால் அவர் வீடு. தனப்பிரியா போனபோது ஒரு லாரியின் பின்கதவுப் பலகையை இரண்டு ஸ்டூலின் மேல் கிடத்தி எழுதிக்கொண்டிருந்தார்.

"ஸ்தோத்திரம் சிஸ்டர். அம்மா எப்படி இருக்கறாங்க?"

"செத்துருவாங்க பாஸ்டரு."

பிரஷ் நின்றது. தனப்பிரியா நடந்ததைச் சொன்னாள். ட்ரே விழுந்தது, வியர்த்தது, மாத்திரை, கைலாசத்தின் மச்சான்.

"நீங்க சொன்னாக் கேப்பாங்க. சாப்புடச் சொல்லுங்க."

"நேத்தைக்கே ஊட்டுக்கு வந்து சொன்னனுங்களே. நீங்க கடைக்குப் போயிருந்தீங்க. 'பாஸ்டரு, பொருத்தனை நான் உங்ககிட்டப் பண்ணலை'ன்னு ஒரே வார்த்தைல முடிச்சுட்டாங்க. அதுக்கு மேல நான் என்னத்தைச் சொல்றது?"

"அந்த அட்டை வராம இருந்திருந்தா இவ்வளவு ஆயிருக்காதுங்க."

அவர் பிரஷ்ஷைத் தின்னர் டப்பாவில் போட்டார். துணியில் கையைத் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

"அது அவங்க கைக்குத் தானா வரலைங்க சிஸ்டர்."

தனப்பிரியா நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"டப்பாவை நாந்தானே புடிச்சிருந்தேன். அந்த அட்டையைத் தனியா ஓரத்துல வெச்சிருந்தேன். அவங்க மவனுக்காகக் கையை வுட்டப்ப என்ற கட்டைவெரலால மேல தள்ளுனேன். அவங்க கண்ணை மூடியிருந்தாங்க. ஒருத்தருக்கும் தெரியாது."

"ஏனுங்க அப்படிப் பண்ணுனீங்க?"

"நவம்பர் மாசத்துல இருந்து அவங்க பாடறதே இல்லை. கவனிச்சீங்களா நீங்க? மொத வரிசையில ஒக்காந்து கொட்டகை அதிரப் பாடறவங்க. வாய மூடிட்டு ஒக்காந்திருந்தாங்க. புது வருசம், ஒரு ஆறுதல் கெடைக்கட்டும்னு நெனைச்சேன். அதை வெச்சுட்டு இன்னும் ஒரு வருசம் ஓட்டிருவாங்கன்னு நெனைச்சேன். சோத்தை வுட்டுருவாங்கன்னு நெனைக்கலை."

"இதை அவங்ககிட்டச் சொல்லீருங்க. சொன்னாச் சாப்புடுவாங்க."

"சொல்லலாம்." அவர் பலகையின் மீது விழுந்திருந்த ஒரு கொசுவை நகத்தால் எடுத்தார். "சொன்னா எழுவத்தி மூணு பேரும் அவங்கவங்க அட்டையைத் திருப்பித் திருப்பிப் பாப்பாங்க. பாஸ்டரு கைல குடுத்ததா, கர்த்தரு குடுத்ததான்னு. கர்ப்பப்பையில கட்டின்னு ஆபரேசனுக்கு நாள் குறிச்சுட்டு வந்திருக்கற அம்மா ஒருத்தங்க அதைத் தலகாணிக்கு அடியில வெச்சுட்டுத் தூங்கறாங்க. அவங்களுக்கு நான் என்னன்னு சொல்லட்டும்?"

ரோட்டில் முட்டை லாரி ஒன்று போனது. தகரம் அதிர்ந்து அடங்கியது.

"ஒரு ஃபோன் வந்துட்டா முடிஞ்சுரும்" என்றார் பாஸ்டர். "இத்தனை நாள்ல ஒண்ணுமே வரலீங்களா சிஸ்டர்? ஒரு மிஸ்டு கால்கூட?"

அவள் பலகையைப் பார்த்தாள். எழுத்துகளுக்கு இன்னும் நிழல் போடவில்லை.

"பொழுதாயிருச்சுங்க பாஸ்டரு. நான் வாரேன்."

வீடு இருக்கும் காலனிக்குத் திரும்பும் வழியில், வேலிக்காத்தான் புதர் மறைவில் நின்று ஃபோனை எடுத்தாள். பழைய அழைப்புகளில் ஒரு நம்பரைத் தேடி எடுத்துக் கூப்பிட்டாள். இந்தியில் ஒரு பெண்குரல் பேசியது. பிறகு அதுவே இங்கிலீஷில், அந்த எண் இப்போது உபயோகத்தில் இல்லை என்றது. இன்னொரு முறை போட்டாள். அதே குரல். மூன்றாவது முறை போடவில்லை.

வீட்டில் சௌந்திரம் பாயில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். மாலை மாத்திரையைப் போடுவதற்குள் தனப்பிரியா மாத்திரை டப்பாவை எடுத்து அரிசித் தூக்குக்குள் புதைத்தாள்.

"என்னத்தை மறைக்கற?" என்றாள் சௌந்திரம், திரும்பாமல்.

"ஒண்ணுமில்லீங்க அத்தை."

"நீ சாப்புடு மொதல்ல. எனக்குத் துணையா நீ எதுக்குக் கெடக்கோணும்."

பண்ணையில் விரிசல் விட்ட முட்டைகளைக் கூலிக்காரர்களுக்குக் கொடுத்துவிடுவார்கள். தனப்பிரியா இரண்டை வெங்காயத்தோடு வதக்கினாள். நிறைய மிளகு போட்டாள். வாசனை வீடு முழுக்கப் போகட்டும் என்றுதான் போட்டாள். பிறகு தட்டை மடியில் வைத்துக்கொண்டு மாமியாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஒரு வாயிங்க அத்தை."

"சாத்தானாட்டப் பேசாத." ஆனால் அதைச் சொல்லும்போது சிரித்தாள். "மொளகு தூக்கலாப் போட்டிருக்கற. எனக்கு எது புடிக்கும்னு கண்டுபுடிச்சு வெச்சிருக்கற."

"அஞ்சு வருசமாச்சுங்களே."

"அஞ்சு வருசத்துல நாம ரெண்டு பேரும் நிம்மதியா ஒக்காந்து பேசுனதே இப்பத்தான், இல்ல?" என்றாள் சௌந்திரம். சொன்ன பிறகு அந்த வார்த்தையைப் பிடிக்காதவள் போல, "ஆனா அவன் இல்லாம ஊடு சத்தமே இல்லாமக் கெடக்குது" என்றாள்.

"சத்தம் இல்லாம நல்லாத்தானுங்க இருக்குது."

சௌந்திரம் சுவர் அடுக்கின் பக்கம் திரும்பினாள். அடுக்கில் நாலு எவர்சில்வர் குடங்கள் இருந்தன. மூன்றில் நசுங்கல். நாலாவதை, கதிர் போன பிறகு, அக்டோபரில் வாங்கினார்கள். அதில் ஒரு கீறல்கூட இல்லை.

"அவன் கோவக்காரன். கெட்டவன் இல்லை" என்றாள் சௌந்திரம்.

"உங்க கை எப்படி ஒடைஞ்சுதுங்க அத்தை?"

"தொட்டிகிட்ட வழுக்கி வுழுந்தேன்."

"அன்னைக்கு நானும் அங்கதானுங்க நின்னேன்."

"வழுக்கித்தான் வுழுந்தேன்."

"அவரு என்னைய அடிக்க ஓங்குனப்ப நீங்க குறுக்க வந்தீங்க. அந்தக் கட்டை..."

"வழுக்கித்தான் வுழுந்தேன்னு சொல்றேனல்ல." குரல் உயரவில்லை. "பெத்தவ அப்படித்தான் சொல்லோணும். நாளைக்கு உனக்குன்னு ஒண்ணு இருந்தா நீயும் அப்படித்தான் சொல்லுவ."

தனப்பிரியா தட்டைக் கொண்டுபோய் மூடி வைத்தாள். அவளும் சாப்பிடவில்லை.

கோழிக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. ஆனால் காலை முட்டையை எடுத்துவிட்டு ஒன்பது மணிக்குப் போய்க்கொள்ளலாம் என்று சபைக்காரர்களுக்குப் பண்ணையில் ஓர் ஏற்பாடு உண்டு. தனப்பிரியா தனியாகப் போய் இருவர் வரிசையையும் முடித்துவிட்டு வந்தாள். வந்தபோது சௌந்திரம் குளித்து, வெள்ளைச் சேலை கட்டி, தலை வாரியிருந்தாள். வாசற்படியில் உட்கார்ந்து செருப்பு வாரைப் போடப் பார்த்துக்கொண்டிருந்தாள். வார் துளைக்குள் போகவில்லை. விரல்கள் அவ்வளவு நடுங்கின.

"மாத்திரை போட்டீங்களா?"

"டப்பாவைக் காணோம். பையில ஒரு மாத்திரை அட்டை இருந்துச்சு. அதுல ஒண்ணு போட்டுக்கிட்டேன்."

எண்பத்தைந்து மணி நேரம்.

"சபைக்கு வேண்டாமுங்க அத்தை. ஆஸ்பத்திரிக்குப் போயிரலாம்."

"சாட்சி சொல்லோணும். மொத ஞாயித்துக்கெழமை. சொல்லிப்போட்டு நீ எங்க கூப்புட்டாலும் வாரேன்."

ஷேர் ஆட்டோவில் போனார்கள். ஆராதனையில் சௌந்திரம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். சாட்சி நேரத்தில் எழுந்து நின்றாள். பக்கத்தில் இருந்த பெண் முழங்கையைத் தாங்கிக்கொண்டாள். பாஸ்டர் மைக்கை அவள் வாய்க்கருகில் பிடித்தார்.

"எல்லாருக்கும் ஸ்தோத்திரமுங்க. ஃபோன் இன்னும் வரலைங்க. ஆனா வரும். வருசத்துல இன்னும் முந்நூத்திச் சொச்ச நாள் இருக்குது. குடுத்த வாக்கை மாத்தறவரு இல்லை அவரு." மூச்சு வாங்கியது. "இது நாலாவது நாளுங்க. பசியே தெரியலை."

எல்லாரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். பாஸ்டரும் சொன்னார், மைக்கைத் தன் வாயிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடித்துக்கொண்டு. தனப்பிரியா அவரைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை.

பன்னிரண்டு மணிக்கு ஆராதனை முடிந்தது. முதல் ஞாயிற்றுக்கிழமை என்பதால் டீயும் பன்னும் கொடுத்தார்கள். சௌந்திரம் எழுந்திருக்கவில்லை. முகம் சாம்பல் நிறத்தில் இருந்தது. நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது. "தண்ணி" என்றாள். நாக்குக் குழறியது.

தனப்பிரியா டீ டிரம் பக்கம் போய் ஒரு டம்ளர் பிடித்தாள். சர்க்கரை டப்பாவிலிருந்து மூன்று கரண்டி அள்ளிப் போட்டாள். ஊற்றிக்கொண்டிருந்த பெண், "ஏம்பா அவ்வளவு" என்றாள். தனப்பிரியா வந்து மாமியார் முன்னால் மண்டியிட்டாள்.

"குடிங்க அத்தை."

"தண்ணி குடு."

"இதைக் குடிங்க."

"ஃபோன் வரட்டும் கண்ணு."

"வந்துருச்சுங்க."

சௌந்திரத்தின் கண் மெதுவாக வந்து அவள் முகத்தில் நின்றது.

"என்ன?"

"ஃபோன் வந்துருச்சுங்க அத்தை."

பன் தின்றுகொண்டிருந்த ஒரு பெண்ணுக்கு அது கேட்டுவிட்டது. "கதிரு ஃபோன் பண்ணிட்டானாமா" என்று அவள் சொன்னது ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போய்க் கொட்டகை முழுக்கப் பரவியது. யாரோ கை தட்டினார்கள். அல்லேலூயா என்று ஒருவர் ஆரம்பிக்க எல்லாரும் சொன்னார்கள். தலையணைக்கு அடியில் அட்டை வைத்துத் தூங்கும் அந்த அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். மைக் வயரை முழங்கையில் சுற்றிக்கொண்டிருந்த பாஸ்டர் பாதியில் நின்றார்.

"நெசமாவா? அவனே பேசுனானா?" என்றாள் சௌந்திரம்.

"அவரேதானுங்க. சத்தியமாங்க."

"சத்தியம் பண்ணாத. வேதத்துல கூடாது." சௌந்திரம் அழவும் சிரிக்கவும் செய்தாள். "எப்படி இருக்கறான்?"

"நல்லா இருக்கறாருங்க. குடிங்க."

சௌந்திரம் டம்ளரை இரண்டு கையாலும் வாங்கினாள். கோணல் மணிக்கட்டில் டம்ளர் சாய்ந்தது. தனப்பிரியா அடியில் கை கொடுத்துத் தாங்கினாள். ஒரு வாய். தொண்டையில் இறங்குவது தெரிந்தது. இரண்டு. மூன்று.

"என்ன கேட்டான்?"

"அம்மா சாப்புட்டாங்களான்னு கேட்டாருங்க."

அதைக் கேட்டதும் சௌந்திரம் மளமளவென்று குடித்தாள். தனப்பிரியா பன்னைப் பிய்த்து டீயில் நனைத்து ஊட்டினாள். வாயைத் திறந்து வாங்கிக்கொண்டாள். ஒரு பன் முழுக்கத் தீர்ந்தது. இன்னொரு டம்ளர் டீ வந்தது. சுற்றிலும் ஆட்கள் உட்கார்ந்துவிட்டார்கள். யாரோ பாட்டு ஆரம்பித்தார்கள். சௌந்திரத்தின் உதடும் அசைந்தது. குரல் வரவில்லை, ஆனால் வரி தெரிந்திருந்தது. கால்மணி நேரத்தில் முகத்துக்கு நிறம் திரும்பியது. நடுக்கம் நின்றது. தனப்பிரியா அவள் விரல்களைத் தன் கையில் வைத்துப் பார்த்தாள். சூடு வந்திருந்தது.

"எப்ப வாரானாம்?" என்றாள் சௌந்திரம்.

பாட்டு நின்றது. எல்லாரும் தனப்பிரியாவைப் பார்த்தார்கள். பாஸ்டர் கூட்டத்துக்குப் பின்னால் நின்று, யாருக்கும் தெரியாத அளவுக்கு, வேண்டாம் என்று தலையை ஆட்டினார். வயரைப் பிடித்திருந்த அவர் கட்டைவிரல் நகத்துக்குள் சிவப்புப் பெயின்ட் காய்ந்திருந்தது. பொங்கலுக்கு என்று சொல்லலாம். சித்திரையில் என்று சொல்லலாம். சொன்னால் சௌந்திரம் அதுவரைக்கும் மூன்று வேளையும் சாப்பிடுவாள். அதற்குப் பிறகு இன்னொரு தேதி வேண்டும்.

"சொல்லு கண்ணு. எப்ப பண்ணுனான்? காலைல முட்டை எடுக்கப் போனப்பவா?"

தனப்பிரியா காலி டம்ளரை எடுத்துத் தரையில் தள்ளி வைத்தாள்.

"கிறிஸ்துமசுக்கு முந்தின நாளுங்க அத்தை. ஊட்டுக்கு வரட்டுமான்னு கேட்டாருங்க. உங்க கையை ஒடைச்சவரு இனி இந்த ஊட்டு வாசப்படியை மிதிக்கக் கூடாது, வராதீங்கன்னு நாந்தானுங்க சொன்னேன்."